சில்லர் நிற்காமல் ஓடுகிறது, டேங்க் குளிரவில்லை: கேஸ் போச்சா, வேறு கோளாறா?

#1 பவளத்தோட்டம்

வணக்கம் நண்பர்களே. 400 லிட்டர் கடல்நீர் டேங்க், கீழே ஸம்ப் (அடித்தொட்டி), உள்ளே பெரும்பாலும் கல்பவளங்கள். டேங்க் நீரைக் குளிர்விக்க 1/4 எச்.பி. சில்லர், டைட்டானியம் காயில். தகட்டில் உள்ள விவரம்: குளிர்விக்கும் திறன் 700 வாட், மின்னோட்டம் 1.8 ஆம்பியர், கேஸ் ஆர்134ஏ, நீரோட்டம் மணிக்கு 600 முதல் 2000 லிட்டர் வரை.

செட் செய்திருப்பது 25.5 டிகிரி. டேங்க் 28.4-ல் அப்படியே நிற்கிறது. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஃபேனும் சுற்றுகிறது, திரையில் எரர் எதுவும் இல்லை. வெளியே வரும் தண்ணீரைத் தொட்டால் குளிர்ச்சியே தெரியவில்லை. அறை வெப்பம் 32. சில்லர் இருப்பது ஸ்டாண்டுக்குள், ஸம்ப்புக்குப் பக்கத்தில். வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சிடலாம்" என்கிறார். அதற்குச் சம்மதிக்கும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

#2 குளிர்ப்பட்டறை

கேஸை இப்போதைக்குத் தொடவே விடாதீர்கள்.

இந்த அளவு சில்லர் எல்லாம் ஃப்ரிட்ஜ் மாதிரி முழுக்க மூடிப் பற்றவைத்த சிஸ்டம். ஓடி ஓடி கேஸ் தேய்ந்து குறைவது என்று ஒன்று இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் அடிக்கும் கேஸ் மறுபடி போய்விடும். கேஸ் சரியாகவே இருந்து, பார்ப்பதற்காக மட்டும் பியர்ஸிங் வால்வு (குழாயைத் துளைத்து மாட்டுவது) குத்தினால், அந்த வால்வே நாளைக்கு லீக் ஆகும் இடமாகிவிடும்.

கையால் தொட்டுப் பார்த்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். மணிக்கு 1500 லிட்டர் ஓடும்போது 700 வாட் சில்லர் முழுத் திறனில் வேலை செய்தாலும் தண்ணீர் 0.4 டிகிரிதான் இறங்கும். எந்தக் கைக்கும் அது தெரியாது.

நான்கு அளவுகளை எடுத்து இங்கே போடுங்கள்.

நீரோட்டம்: சில்லரிலிருந்து திரும்பி வரும் ஹோஸை ஒரு 10 லிட்டர் வாளியில் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 36,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். வாளியை ஸம்ப் மட்டத்திலேயே பிடியுங்கள். தரையில் வைத்தால் உயரம் குறைந்து ஓட்டம் கூடுதலாகக் காட்டும். பம்ப் பெட்டியில் அச்சடித்த எண் உதவாது. அது தண்ணீரை உயரத்துக்குத் தள்ளும் சுமை எதுவும் இல்லாதபோது எடுத்த அளவு.

நீர் வெப்ப வித்தியாசம்: உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் ஒரே தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டு தெர்மாமீட்டர் வைத்தால் அவற்றுக்குள் இருக்கும் அரை டிகிரி வேறுபாடே விடையை விழுங்கிவிடும். அளக்கும்போது மட்டும் வெளிவரும் பக்கத்து வால்வைத் திருகி, ஓட்டத்தைத் தகட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவாருங்கள். வித்தியாசம் பெரிதாகி, அளவு நம்பும்படி வரும். பத்து நிமிடம் ஓடி நிலைப்பட்ட பிறகு எடுங்கள்.

காற்று: கண்டென்ஸருக்குள் (சூட்டை வெளியே விடும் பகுதி) காற்று நுழையும் கிரில்லுக்கு முன்னால் தெர்மாமீட்டரை வைத்து அளந்து, அறை நடுவே உள்ள வெப்பத்தோடு ஒப்பிடுங்கள்.

மின்னோட்டம்: வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒற்றை வயரில் போட வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். இந்த ஒன்றை எலக்ட்ரீஷியன் யாரையாவது வைத்துச் செய்யலாம்.

#3 இறால்குட்டை

ஒரு யோசனை. தண்ணீர் காயிலில் ரொம்ப வேகமாகப் போனால் குளிர நேரம் கிடைக்காதே? வால்வைப் பாதி மூடி மெதுவாக ஓடவிட்டால் நல்லா சில்லுன்னு வருது. அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

#4 அலைமேடை

இறால்குட்டை, வெளியே வரும் தண்ணீர் சில்லென்று இருப்பதும் டேங்க் குளிர்வதும் ஒன்றல்ல. டேங்கிலிருந்து வெளியேறும் வெப்பம் ஓட்டமும் வித்தியாசமும் சேர்ந்த கணக்கு:

வாட் = மணிக்கு லிட்டர் × டிகிரி வித்தியாசம் × 1.16

600 லிட்டர் ஓட்டத்தில் 1 டிகிரி இறங்கினாலும், 1500 லிட்டர் ஓட்டத்தில் 0.4 டிகிரி இறங்கினாலும் இரண்டும் ஏறக்குறைய 700 வாட்தான். மெதுவாக விடுவதால் லாபம் இல்லை. நஷ்டம் இருக்கிறது. ஓட்டம் குறைந்தால் காயிலைச் சுற்றி நிற்கும் நீர் அதிகம் குளிர்ந்து, உள்ளே ஆவியாகும் கேஸின் அழுத்தமும் இறங்கும். அழுத்தம் இறங்கினால் கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் கேஸ் குறையும், திறனும் குறையும். இன்னும் குறைத்தால் காயில் மேல் ஐஸ் பிடிக்கும்.

அளவெடுக்கக் கொஞ்ச நேரம் மூடுவது வேறு, அன்றாடம் அப்படி ஓட்டுவது வேறு. தகட்டில் உள்ள வரம்பின் நடுவில் ஓட்டுங்கள். மேல் வரம்பைத் தாண்டுவதிலும் பயன் இல்லை. பம்பின் மின்சாரம் முழுவதும் கடைசியில் தண்ணீருக்குள்தான் வெப்பமாக வந்து சேர்கிறது.

#5 பவளத்தோட்டம்

அளவுகள்:

வாளி நிரம்ப 24 விநாடி. மணிக்கு 1500 லிட்டர்.
வால்வைத் திருகி 600-க்குக் கொண்டுவந்தபோது உள்ளே 28.4, வெளியே 27.9.
கிரில்லுக்கு முன்னால் 39 டிகிரி, அறை 32.
மின்னோட்டம் 2.3 ஆம்பியர்.

#6 குளிர்ப்பட்டறை

அருமை, கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

600 × 0.5 × 1.16 என்றால் சுமார் 350 வாட். சில்லர் குளிர்விக்கிறது, ஆனால் தகட்டில் சொன்னதில் பாதிதான். ஏன் பாதி என்பதை மின்னோட்டம் சொல்கிறது. கேஸ் குறைந்த கம்ப்ரஸருக்கு அழுத்த வேலை குறைவு, எனவே ஆம்பியர் தகட்டு அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும்; கண்டென்ஸரைக் கடந்து வரும் காற்றில் சூடு இருக்காது. உங்களுடையது 1.8-க்குப் பதில் 2.3 இழுக்கிறது. கண்டென்ஸர் பக்கத்து அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். காற்று போதவில்லை, அல்லது வரும் காற்றே சூடு. உங்களுக்கு ஒன்று உறுதி: கிரில்லுக்கு 39 டிகிரி காற்று வருகிறது, தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சுகிறது. கண்டென்ஸரின் ஃபின்களில் (மெல்லிய தகடுகளில்) தூசியும் இருக்கும், திறந்து பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, அழுக்கு ஏறிய கண்டென்ஸரும் 39 டிகிரி காற்றும் சேர்ந்தால் ஆர்134ஏ 60 டிகிரி வாக்கில் திரவமாகும். அப்போது அழுத்தம் கிட்டத்தட்ட 17 பார். சுத்தமான கண்டென்ஸர், 32 டிகிரி காற்று என்றால் 45 டிகிரி, 12 பாருக்குள் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கம்ப்ரஸர்தான் சுமக்கிறது, ஓவர்லோட் (மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்பு) விழும் வரை சுமக்கும். இந்த நிலையில் கேஸை மேலும் அடித்திருந்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும்.

சுத்தம் செய்யும் முறை:

பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்ச்சை அணைத்தால் போதாது. வெளி வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு காய விடுங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்டென்ஸரை அடைப்பது வலையைத் தாண்டிப் போன நுண்தூசி. அது ஃபின்களின் முகப்பில் கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உறையைக் கழற்றி, டார்ச்சைப் பின்னால் பிடித்து முன்னால் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வரவில்லை என்றால் அடைப்பு.

மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் ஃபின் ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கிவிடும். தூசியை வேக்குவம் கிளீனரால் காற்று நுழையும் பக்கமிருந்து இழுங்கள். காற்றுப் பீச்சுவதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே பீச்ச வேண்டும். எதிர்த்திசையில் பீச்சினால் தூசி நடுவில் போய் இறுகும். ஃபேன் சிறகுகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

ஸம்ப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் உப்புப் பூத்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உறை, ஃபேன், செப்புக் குழாய் வளைவுகள் எல்லாம் துடையுங்கள். அலுமினிய ஃபின்னில் உப்பு இருந்தால் அது வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும், அதற்குப் பிறகு கண்டென்ஸரை மாற்றுவது தவிர வழியில்லை.

#7 பவளத்தோட்டம்

நன்றி அண்ணா. திறந்து வைத்திருக்கும் நேரத்தில் டேங்க் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்? ஐஸ் போடலாமா?

#8 அலைமேடை

ஐஸ் ரொம்பத் தூரம் போகாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் உருகி டேங்க் வெப்பத்துக்கு வர ஏறத்தாழ 480 கிலோஜூல் இழுக்கும். 400 லிட்டரில் அது 0.3 டிகிரிகூட இல்லை. மூன்று நான்கு பாட்டில் மாறி மாறி ஸம்ப்பில் மிதக்கவிட்டால்தான் ஏதாவது தெரியும். பாட்டிலை மூடியபடியே போடுங்கள். ஐஸை நேரடியாகப் போட்டால் உப்பு நீர்த்துப்போகும், குழாய் நீர் ஐஸாக இருந்தால் குளோரினும் சேர்ந்து வரும்.

அதைவிட மேற்பரப்பில் ஃபேன் விடுவது பலமான வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2,430 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் டேங்கில் அது கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி. மூடியைத் திறந்து, ஃபேனைச் சாய்த்து, நீர்ப்பரப்பை உரசும்படி வையுங்கள். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரை ஈடுகட்டுங்கள், உப்பு நீரை ஊற்றாதீர்கள், உப்பு ஆவியாகாது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் இந்த வழி பலிக்காது.

விளக்கைக் குறையுங்கள், மேற்பரப்பைக் கலக்கி விடுங்கள். நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும், 30-ல் 7.6. கடல்நீரில் இரண்டுமே இன்னும் குறைவு. சூடு ஏறும்போது மீன்களின் ஆக்சிஜன் தேவையும் ஏறுவதால் இரவில்தான் ஆபத்து.

#9 மின்கம்பி

உறை கழன்றிருக்கும்போதே மின் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அதிக அழுத்தத்தில் ஓடிய கம்ப்ரஸரில் ஸ்டார்ட் பாகங்கள் சூட்டில் வாடியிருக்கும்.

கபாசிட்டர் இருந்தால் முதலில் அதன் இரு முனைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் வைத்து மின்னூட்டத்தை இறக்குங்கள், ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். பிறகு மீட்டரில் அளந்தால், மேலே எழுதிய மைக்ரோஃபாரட் அளவிலிருந்து அதில் அச்சிட்ட விலகலுக்குள், வழக்கமாக 5 சதவீதத்துக்குள், இருக்க வேண்டும். வயிறு உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

சின்ன கம்ப்ரஸர்களில் அதைக் கிளப்பிவிடும் பி.டி.சி. ரிலே இருக்கும். கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் வில்லை உடைந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் அதன் ரெசிஸ்டன்ஸ் சில ஓம்கள் முதல் சில பத்து ஓம்கள் வரை இருக்கும். ஓப்பன் காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

கம்ப்ரஸரின் மூன்று பின்களில் காமன்–ரன், காமன்–ஸ்டார்ட் இரண்டையும் கூட்டினால் ரன்–ஸ்டார்ட் அளவு வர வேண்டும். வராவிட்டால் வைண்டிங்கில் கோளாறு. ஒவ்வொரு பின்னுக்கும் வெளி உடலுக்கும் இடையே மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தக் கம்ப்ரஸரை ஓட்டக் கூடாது.

பொதுவாக, "டிக் என்கிறது, ஊம் என்று முனகுகிறது, சில விநாடியில் மறுபடி டிக்" என்றால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் ஓவர்லோட் விழுகிறது. ரிலே, கபாசிட்டர், குறைந்த வோல்டேஜ், நின்ற உடனே மறுபடி போட்டது, இதில் ஒன்று. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். கிளம்பும் கணத்தில் கம்ப்ரஸர் ஓடும் ஆம்பியரைப் போல நான்கைந்து மடங்கு இழுக்கும், மெல்லிய வயரில் அந்த நேரம் வோல்டேஜ் சரிந்துவிடும். வோல்டேஜைக் கிளம்பும்போது அளந்து பாருங்கள், நிற்கும்போது அளந்து பயனில்லை.

கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். கேப்பிலரி (கேஸ் போகும் மிக மெல்லிய குழாய்) வழியாக இரு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் ஆகும், பி.டி.சி. வில்லையும் ஆற வேண்டும். கன்ட்ரோலருக்குள் இந்தத் தாமதம் இருந்தாலும் சிலவற்றில் முதல்முறை பவர் கொடுக்கும்போது அது வேலை செய்வதில்லை. எனவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

#10 பாசிக்காடு

இதே இழையில் கேட்கிறேன். 120 லிட்டர் நன்னீர் செடி டேங்க், கேனிஸ்டர் ஃபில்டரின் வெளிக்குழாயில் 1/10 எச்.பி. சில்லர். இங்கே நேர்மாறாக இருக்கு. சில்லர் ரெண்டு நிமிஷம் ஓடுது, நிக்குது, மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடுது. திரையில் 24, டேங்க்ல 26.5. கூடவே சில்லருக்கு அடியில் தண்ணி சொட்டுது.

#11 அலைமேடை

திரைக்கும் டேங்குக்கும் 2.5 டிகிரி வித்தியாசம், கூடவே அடிக்கடி நின்று நின்று ஓடுவது: நீரோட்டம் குறைந்திருக்கிறது. சென்சார் இருப்பது சில்லரின் உருளைக்குள். அங்கே நிற்கும் கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிட, வேலை முடிந்தது என்று கன்ட்ரோலர் நிறுத்திவிடுகிறது. டேங்க் சூடாகவே இருக்கிறது.

கேனிஸ்டரைத் திறந்து மெல்லிய பஞ்சு அடுக்கைப் பாருங்கள், வழக்கமாக அடைப்பது அதுதான். அடுத்து உறிஞ்சும் முனை, இம்பெல்லர், குழாயில் மடிப்பு. செடி டேங்க்களில் ஹோஸின் உட்சுவரில் வழுவழுவென்று பாசிப்படலம் ஏறி விட்டத்தையே குறைத்துவிடும், நீளமான பிரஷ் விட்டு இழுங்கள். 90 டிகிரி எல்போக்களைக் குறைத்து, வளைவை ஹோஸிலேயே பெரிதாக எடுங்கள்.

அதையெல்லாம் செய்து வாளி அளவு சரியாக வந்த பிறகும் வித்தியாசம் இருந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலானவை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் என்.டி.சி. வகை (சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும்), 5 கிலோ ஓம் வகையும் உண்டு. கழற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கிளாஸில் முக்கினால் 10 கிலோ வகை 27 முதல் 33 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்குள் உள்ள பிசகைக் கன்ட்ரோலர் மெனுவில் திருத்திக்கொள்ளலாம்.

சென்சார் கெடுவதில் ஒரு வகை ஆபத்தானது. உள்ளே ஈரம் புகுந்தால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். இறங்கினால் கன்ட்ரோலருக்குத் தண்ணீர் சூடாக இருப்பதாகத் தோன்றும். எரர் காட்டாமல் சில்லர் ஓடிக்கொண்டே இருந்து டேங்கைக் குளிரில் தள்ளிவிடும். கன்ட்ரோலர் ரிலே ஒட்டிக்கொண்டாலும் அதே கதிதான். பவளம் வைத்திருப்பவர்கள், சில்லருக்கு முன்னால் தனி சென்சார் கொண்ட இன்னொரு கன்ட்ரோலர் போட்டு, செட் அளவுக்கு ஒன்றரை டிகிரி கீழே பவரை வெட்டும்படி வைப்பது நல்லது. அதிலும் கம்ப்ரஸர் தாமதம் மூன்று நிமிடமாவது இருக்க வேண்டும்.

#12 குளிர்ப்பட்டறை

சொட்டுவதற்கு: அது டேங்க் தண்ணீரா, காற்றின் ஈரமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சொட்டைப் பிடித்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் வையுங்கள். காற்றிலிருந்து படிந்த நீர் மிகக் குறைவாகக் காட்டும், டேங்க் தண்ணீர் என்றால் டேங்க் எண்ணையே காட்டும். கடல்நீர் வைத்திருப்பவர்கள் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்க்கலாம்.

32 டிகிரி அறையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 28 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் வேர்க்கும். 60 சதவீதத்தில் அதே அறையில் 23 டிகிரி வரை வேர்க்காது. அதனால்தான் சில நாள் சொட்டுகிறது, சில நாள் சொட்டுவதில்லை. குழாய்களுக்கு 9 மில்லிமீட்டர் கறுப்பு நைட்ரைல் ஃபோம் போட்டு, இணைப்புகளில் இடைவெளி விடாமல் டேப் சுற்றுங்கள். ஒரு இடுக்கு இருந்தாலும் ஈரம் அதன் வழியே உள்ளே போய் ஃபோமுக்கு அடியில் சொட்டும்.

டேங்க் தண்ணீர்தான் என்றால் இணைப்பில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டிருக்கும். பள்ளத்தைத் துடைத்து, புது ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம். ஈ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் அதில் ஊறி உப்பிவிடும். இணைப்பைக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை கீறும். பவர் வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும், சொட்டு அந்தத் தொங்கலில் விழுந்துவிடும்.

#13 பவளத்தோட்டம்

கண்டென்ஸர் முழுக்க அடைந்துதான் இருந்தது. சுத்தம் செய்து, ஸ்டாண்டுக்கு வெளியே தற்காலிகமாக வைத்து ஓட்டியதில்: கிரில்லில் 32.5, மின்னோட்டம் 1.6, மணிக்கு 600 லிட்டரில் வித்தியாசம் 0.9. அதாவது 625 வாட் வாக்கில். டேங்க் மெதுவாக இறங்கத் தொடங்கிவிட்டது. எத்தனை நேரத்தில் 25.5 வர வேண்டும்? அப்புறம், ஸ்டாண்டுக்குள்ளேயே திரும்ப வைத்து இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் போட்டால் போதுமா?

#14 அலைமேடை

முன்பு 350 வாட்டில் ஓடி 28.4-ல் நிலையாக நின்றது என்றால் உங்கள் டேங்குக்குள் வந்துகொண்டிருந்த வெப்பமும் 350 வாட்தான். குளிரக் குளிரக் கண்ணாடி வழியாகக் கூடுதலாக வரும், 25.5-ல் 400-ஐத் தாண்டலாம். மிச்சம் உங்களுக்குச் சராசரியாகக் கிடைப்பது 230, 240 வாட். 2.9 டிகிரி இறக்க 1,350 வாட்-மணி தேவை. ஆறு மணி நேரம் ஆகும், அதாவது மணிக்கு அரை டிகிரி. பவளத்துக்கு இதைவிட வேகம் வேண்டாம். பிறகு மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடி, ஒரு பங்கு நிற்கும். அந்த விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பம் மாறாமல் அது கூடிக்கொண்டே போனால் அழுக்கு ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஹீட்டர் இருந்தால் அதைக் குறைந்தது ஒன்றரை டிகிரி கீழே வையுங்கள். சில்லர் 25.5-ல் வெட்டும்போது ஹீட்டர் 25.5-ல் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நாள் முழுக்க ஓடும். டேங்க் வெப்பம் சரியாகவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

#15 குளிர்ப்பட்டறை

இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் போதாது, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில்லர் வெளியே தள்ளுவது தண்ணீரிலிருந்து எடுத்த 600 வாட்டும் தான் தின்ற 300 வாட்டும் சேர்த்து 900 வாட். ஸ்டாண்டுக்குள் காற்று 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால் விநாடிக்கு 150 லிட்டர், மணிக்கு 540 கன மீட்டர் காற்று மாற வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் எதிர்ப்பே இல்லாத இடத்தில் மணிக்கு நூறு கன மீட்டர் வாக்கில்தான் தள்ளும், ஸ்டாண்டில் துளை போட்டு மாட்டினால் அதிலும் குறையும்.

வெளியே வைக்க இடம் இருந்தால் வெளியிலேயே வையுங்கள். ஹோஸ் இரண்டு மீட்டர் நீள்வதால் ஓட்டம் கொஞ்சம் குறையும், குழாய்க்கு ஃபோம் போட வேண்டியிருக்கும். அவ்வளவுதான் இழப்பு. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் சூடான பக்கத்துக்கு நேராக ஸ்டாண்டின் சுவரை முழு அகலத்துக்கு வெட்டி, சில்லரின் வாயை அந்த வெட்டோடு ஒட்டவையுங்கள். சுற்றிலும் ஃபோம் பட்டை போட்டு அடையுங்கள். சூடு ஒரு துளியும் உள்ளே திரும்பக் கூடாது. அப்போது சில்லரின் சொந்த ஃபேனே போதும். குளிர்ந்த காற்று நுழைய எதிர்ப்பக்கம் அதே பரப்பளவில் திறப்பு வேண்டும்.

ஸம்ப் மேல் ஈரக்காற்றும் உப்புத் துளியும் எப்போதும் இருக்கும். அந்தக் காற்றைக் கண்டென்ஸர் உறிஞ்சாமல் இருப்பதற்காகவே வெளியே வைப்பதை நான் விரும்புகிறேன்.

#16 இறால்குட்டை

தண்ணீர் பக்கத்தை எப்போது, எதை வைத்துச் சுத்தம் செய்வது? வினிகர் போதுமா?

#17 அலைமேடை

வாளி அளவு குறைந்துகொண்டே வந்து, ஃபில்டரும் ஹோஸும் சுத்தமாக இருந்தால் அப்போது. கடல்நீரில் கால்சியம் படிவு, நன்னீரில் பாசிப்படலம், கடின நீரில் சுண்ணாம்பு. டைட்டானியம் செப்பு மாதிரி வெப்பத்தை வேகமாகக் கடத்துகிற உலோகம் இல்லை. அதன்மேல் ஒரு படிவும் ஏறினால் திறன் சட்டென்று விழும்.

சில்லர் பிளக்கைப் பிடுங்கி, டேங்கிலிருந்து பிரித்து, ஒரு வாளியும் சின்ன பம்பும் வைத்துச் சுற்றோட்டம் கட்டுங்கள். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 300 கிராம் சிட்ரிக் அமிலம். முக்கால் மணி நேரம் ஓடட்டும், நடுவில் ஒருமுறை ஓட்டத்தின் திசையை மாற்றி விட்டால் மூலையில் உள்ளதும் வரும். நுரை நின்று நிறம் மாறாமல் இருந்தால் முடிந்தது. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு வாளி மாற்றி அலசுங்கள், கடைசி வாளியின் பி.எச். ஊற்றிய தண்ணீரின் பி.எச். அளவுக்கே வர வேண்டும். வினிகரும் சம அளவு தண்ணீரும் கலந்து செய்யலாம், அதிக நேரம் எடுக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், ரப்பரும் இணைப்புகளும் தாங்காது. எந்த அமிலத்தோடும் பிளீச் சேரக் கூடாது, குளோரின் வாயு வெளிவரும்.

#18 மின்கம்பி

காயிலே ஓட்டையாகியிருந்தால் எப்படித் தெரியும் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

ஆர்134ஏ 5 டிகிரியில் ஆவியாகும்போதே காற்றழுத்தத்துக்கு மேல் 2.5 பார் அழுத்தத்தில் இருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் அதற்குப் பக்கத்திலும் வராது. எனவே முதலில் கேஸ்தான் தண்ணீருக்குள் வரும்: ஹோஸில் காற்றுக் கசிவு இல்லாதபோதும் நிற்காத குமிழ், நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம், ஆம்பியர் நாளுக்கு நாள் இறக்கம். கண்டவுடன் பிளக்கைப் பிடுங்கி, இரு பக்க வால்வையும் மூடி, டேங்கிலிருந்து பிரித்துவிடுங்கள். கேஸ் முழுக்கப் போன பிறகும் விட்டுவைத்தால் தண்ணீர் எதிர்வழியில் சிஸ்டத்துக்குள் புகுந்து கம்ப்ரஸர் வரை போகும், அதற்குப் பிறகு சரிசெய்ய எதுவும் மிஞ்சாது. எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாமல் எந்த சில்லரையும் ஓட்டாதீர்கள்.

#19 குளிர்ப்பட்டறை

அதோடு சேர்த்து: உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் கேட்கலாம். நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரையில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது. பற்றவைப்பது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றுவது. வேக்குவம் போட்டு 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் நிற்கிறதா பார்ப்பது. கடைசியாகத் தகட்டில் எழுதிய கிராம் அளவைத் தராசில் எடைபோட்டு ஏற்றுவது. கேப்பிலரி சிஸ்டத்தில் பத்து இருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் திறன் மாறும், கேஜைப் பார்த்து உத்தேசமாக அடிப்பது சரிவராது.

வேக்குவம் சரியாகப் போடாவிட்டால் உள்ளே தங்கும் ஈரம் கேப்பிலரி வாயில் ஐஸாக அடைக்கும். அரைமணி நன்றாகக் குளிரும், பிறகு நின்றுவிடும், ஓய்வு கொடுத்தால் மறுபடி குளிரும். தகட்டில் ஆர்290 அல்லது ஆர்600ஏ என்று இருந்தால் அது எரியும் கேஸ். உள்ளே மிச்சம் இருக்கும்போது நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது, அதற்குப் பயிற்சி உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். ஒரு கேஸுக்குப் பதில் வேறொன்றை ஏற்றச் சம்மதிக்காதீர்கள், கம்ப்ரஸர் எண்ணெயும் கேப்பிலரி நீளமும் தகட்டில் உள்ள கேஸுக்கென்றே வைத்தவை.

#20 பாசிக்காடு

ஓட்டம்தான் காரணம். ஹோஸைச் சுத்தம் செய்ததும் திரைக்கும் டேங்குக்கும் வித்தியாசம் 0.4. சொட்டியது காற்றின் ஈரம்தான், டி.டி.எஸ். 9 காட்டியது, டேங்க் 180. நன்றி. கடைசியாக ஒன்று: குளிர்காலத்தில் சில மாதம் சில்லர் தேவைப்படாது. அப்படியே அணைத்து வைக்கலாமா?

#21 அலைமேடை

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பவரை மட்டும் அணைத்து வைக்கலாம், பிரச்சினை இல்லை. ஓட்டத்தையும் நிறுத்துவதாக இருந்தால் உள்ளே தண்ணீர் தங்கக் கூடாது. மூடிய உருளைக்குள் தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகல் தொடங்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். அடுத்த முறை பம்பைப் போட்டதும் அது நேராக டேங்குக்குள் போகும்; இறால்களும் மீன்களும் அதைத் தாங்காது.

கழற்றி, இரு வாயும் கீழே பார்க்கும்படி சாய்த்து வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, வாய்களைத் திறந்தபடி உலர விடுங்கள். சாய்த்ததால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், மறுபடி ஓட்டும் முன் ஒரு நாள் நேராக நிற்கட்டும். திரும்ப மாட்டும்போது முதல் வாளித் தண்ணீரை டேங்குக்குள் விடாமல் வெளியே கொட்டுங்கள், முகர்ந்து பார்த்து வாடை இல்லை என்றால் இணைப்பைக் கொடுங்கள்.